பாத்ரூமில் சறுக்கினாலே உடையும் இடுப்பு எலும்பு: வயதானவர்களுக்கு ஏன் இப்படி? கொல்லிமலை போன்ற ஊர்களில் என்ன சிக்கல்?

2023 டிசம்பர் 7-ம் தேதி இரவு. தெலங்கானா தேர்தல் முடிவு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முன்னாள் முதல்வர் கே.சந்திரசேகர ராவ் தனது எர்ரவல்லி பண்ணை வீட்டில் கீழே விழுந்தார். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 69. மறுநாளே ஹைதராபாத்தில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து, வாக்கர் பிடித்து நடக்கவும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் முன்னாள் சபாநாயகர் நான்சி பெலோசி, ஐரோப்பாவில் லக்சம்பர்க் நாட்டுக்குப் போன இடத்தில் விழுந்தார். வயது 84. அவருக்கும் இடுப்பு எலும்பு முறிவு. அவருக்கும் மறுநாளே ஆபரேஷன் நடந்தது.

இருவரும் மாடியில் இருந்து விழவில்லை, வண்டி மோதி விழவில்லை.  இருவருக்கும் ஒரு நாள் அளவிலேயே சிகிச்சை கிடைத்துவிட்டது.

இதே மாதிரி நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 70 வயது பாட்டி ஒருவர் வாசற்படியில் சறுக்கி விழுந்தால் என்ன ஆகும்? காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே 70 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி நாமக்கல் போக வேண்டும். அதற்கு முன்பு, "அடிதான் பட்டிருக்கு, எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்" என்ற பேச்சைத் தாண்ட வேண்டும்.

இடுப்பு எலும்பு முறிவு எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது, ஏன் நடக்கிறது, நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

'இடுப்பு' என்றால் எந்த இடம்?

முதல் குழப்பம் இந்த வார்த்தையிலேயே இருக்கிறது. நம் ஊரில் 'இடுப்பு வலி' என்றால் பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதி வலியைத்தான் சொல்வோம். டாக்டர்கள் சொல்லும் இடுப்பு எலும்பு முறிவு அது இல்லை. தொடை எலும்பின் மேல் முனை, இடுப்புக் குழிக்குள் பந்துபோல உட்கார்ந்திருக்கும். அந்தப் பந்துக்குக் கீழே இருக்கும் மெலிந்த கழுத்துப் பகுதியோ, அதற்கும் சற்றுக் கீழே உள்ள பகுதியோ உடைவதுதான் இந்த முறிவு.

வலி தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில்கூட வலிக்கும். அதனால்தான் "இடுப்பு பிடிச்சுக்கிச்சு", "முட்டியில அடி" என்று நினைத்து, வீட்டிலேயே நான்கைந்து நாள் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு பேருக்கு இது நடக்கிறது?

உலகம் முழுக்க 1990-ல் சுமார் 16.6 லட்சம் பேருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததாகவும், 2050-ல் இது 62.6 லட்சமாக உயரலாம் என்றும் 1992-ல் வெளியான ஒரு ஆய்வு கணித்தது. அதில் பாதிக்கும் மேல் ஆசியாவில்தான் இருக்கும் என்றும் அது சொன்னது. காரணம், இங்கே முதியவர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடுகிறது.

இந்தியாவில் ஒரு மாவட்டத்தையே எடுத்துக் கணக்கிட்ட ஆய்வு, ஹரியானாவின் ரோத்தக்கில் நடந்தது. 2013-ல் வெளியானது. அதன்படி 50 வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 129 பேருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது. பெண்களில் 159, ஆண்களில் 105. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

'லட்சத்தில் 129 பேர்தானே' என்று தோன்றலாம். கொல்லிமலையை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 14 நாடுகளாகப் பிரிந்திருக்கும் இந்த மலையில் சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். ஐந்தில் ஒருவர் 50 வயதைக் கடந்தவர் என்று வைத்துக்கொண்டால் 8 ஆயிரம் பேர். ரோத்தக் விகிதம் இங்கும் பொருந்தினால், ஆண்டுக்குச் சுமார் 10 பேர். அதாவது கிட்டத்தட்ட மாதம் ஒருவர். இது ஒரு உத்தேசக் கணக்குதான். ஆனால் ஒரு சின்ன மலைக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பது இதில் புரியும்.

தமிழகத்துக்கு இது இன்னும் முக்கியம். 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்று மத்திய அரசின் புள்ளியியல் அறிக்கை கணிக்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

எலும்பு ஏன் இவ்வளவு சுலபமாக உடைகிறது?

நம் எலும்பு கல் மாதிரி அப்படியே இருப்பதில்லை. பழைய எலும்பு கரைந்து, புதிய எலும்பு உருவாகிக்கொண்டே இருக்கும். சுமார் 30 வயது வரை உருவாவது அதிகம். பிறகு மெல்ல மெல்லக் கரைவது அதிகமாகும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. பெண்களிடம் இந்த முறிவு அதிகம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆண்களுக்கும் தேய்மானம் உண்டு, கொஞ்சம் தாமதமாக வரும்.

உள்ளே துளை துளையாகி, லேசான அடிக்கே உடையும் நிலைக்கு வந்துவிட்டால் அதுதான் ஆஸ்டியோபோரோசிஸ். தமிழில் 'எலும்புப்புரை'. வலிக்காது, வீங்காது, வெளியே எதுவும் தெரியாது. பலருக்கு முதல் அறிகுறியே எலும்பு உடைவதுதான்.

இவையும் எலும்பைப் பலவீனமாக்கும்:

• பீடி, சிகரெட், அளவுக்கு மீறிய மது
• மாதக்கணக்கில் எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள்
• சில வலிப்பு மருந்துகள், கட்டுப்பாட்டில் இல்லாத தைராய்டு, சர்க்கரை நோய்
• வைட்டமின் டி குறைபாடு
• மிகவும் ஒல்லியான உடல்வாகு
• அப்பா, அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருப்பது

எலும்பு தேய்ந்தால் மட்டும் உடைந்துவிடுமா?

இல்லை. பத்தில் ஒன்பது இடுப்பு முறிவுகள் கீழே விழுவதால்தான் நடக்கின்றன. அதுவும் பக்கவாட்டில் விழுவதுதான் அதிக ஆபத்து. இளம் வயதில் சறுக்கினால் சட்டென்று கையை ஊன்றிவிடுவோம். வயதானால் அந்த வேகம் குறைந்துவிடும். கை ஊன்றுவதற்குள் இடுப்பு தரையில் மோதிவிடும். அந்த இடத்தில் சதையும் குறைந்திருந்தால் அடி முழுவதும் எலும்பில்தான் இறங்கும்.

சரி, ஏன் விழுகிறார்கள்? கண்புரை, பலவீனமான தொடைத் தசை, எழுந்ததும் தலைசுற்ற வைக்கும் பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, வெளிச்சம் இல்லாத நடை, ஈரத் தரை, தேய்ந்த செருப்பு. பெரும்பாலும் இதில் இரண்டு மூன்று சேர்ந்துதான் ஆளைத் தள்ளிவிடுகிறது.

கொல்லிமலையில் இதோடு மலைக்கே உரிய காரணங்களும் சேர்கின்றன. மழையிலும் பனியிலும் நனைந்து வழுக்கும் கல், சரிவான பாதை, வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும் கழிப்பறை. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறும் வேலையை வயதான பிறகும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து விழுந்தால் அடி இன்னும் பலம்.

மலையில் உழைத்தவர்களுக்கு எலும்பு உறுதிதானே?

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. எடை தூக்குவது, மேடேறி நடப்பது எல்லாம் எலும்புக்கு நல்லது. எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். ஆனால் உழைப்பு மட்டும் போதாது, எலும்பு கட்டத் தேவையான பொருள் சாப்பாட்டில் இருந்து வர வேண்டும்.

கொல்லிமலையின் மலையாளி பழங்குடி மக்களின் பழைய உணவு கேழ்வரகு, சாமை, தினை. பின்னாளில் சேகோ ஆலைகளுக்கு விற்க மரவள்ளிக்கிழங்கு வந்தது. பணப்பயிர் பரவப் பரவ சிறுதானிய நிலம் சுருங்கியது. தட்டில் அரிசி இடம் பிடித்தது. இந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்ற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது.

இது எலும்புக்கு ஏன் முக்கியம்? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். மரவள்ளியில் மாவுச்சத்துதான் பிரதானம், புரதம் ரொம்பக் குறைவு. தசைக்கும் எலும்புக்கும் புரதம் வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'சிறுதானியம்' என்றாலே கால்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. சாமையில் சுமார் 17, தினையில் சுமார் 31 மில்லிகிராம்தான். கால்சியத்துக்குக் கேழ்வரகுதான் ராஜா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரிந்துரைக்கும் அளவு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200.

உடைந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வயதானவர் விழுந்த பிறகு இந்த அறிகுறிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்:

• எழுந்து நிற்க முடியவில்லை, காலை ஊன்றினால் உயிர் போகிற வலி
• படுத்த நிலையில் அந்தக் காலைத் தூக்க முடியவில்லை
• அடிபட்ட கால் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது
• பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது

சிலருக்கு உடைந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிடும். அவர்கள் நொண்டிக்கொண்டே நடக்கவும் செய்வார்கள். அதனால் "நடக்கிறாரே, உடைஞ்சிருக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். தொடை இடுக்கில் வலி தொடர்ந்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

உடனே என்ன செய்யணும்? என்ன செய்யக் கூடாது?

முதலில் 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை அவரை அசைக்காமல் படுக்க வையுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணையோ மடித்த போர்வையோ வைக்கலாம். மலைக் குளிரில் உடம்பு சில்லிட்டுப் போகாமல் போர்த்திவிடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷன் சீக்கிரமே நடக்கலாம் என்பதால், சாப்பாடு தரும் முன் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கேளுங்கள்.

எண்ணெய் தேய்ப்பது, காலை இழுத்து 'சொடக்கு' எடுப்பது, தோளில் தாங்கி நடக்க வைப்பது, பைக்கில் நடுவில் உட்கார வைத்து மலை இறக்குவது, இதெல்லாம் கூடவே கூடாது. உடைந்த எலும்பு மேலும் நகர்ந்துவிடும்.

கட்டு போட்டா சேராதா?

கை எலும்பு உடைந்து கட்டு போட்டுச் சரியானவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த அனுபவத்தில்தான் இதற்கும் கட்டு போதும் என்று நம்புகிறார்கள். ஆனால் இடுப்பு மூட்டு சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே எலும்பு அசைவதைத் தடுக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகும் குழாய்கள் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகின்றன. கழுத்து உடைந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு, பந்து உயிரற்றுப் போகலாம். அதனால்தான் கழுத்துப் பகுதி உடைந்து விலகியிருந்தால், முதியவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கைப் பந்து அல்லது முழு மூட்டு மாற்று செய்கிறார்கள். கழுத்துக்குக் கீழே உடைந்திருந்தால் கம்பி, பிளேட், ஸ்குரூ வைத்துப் பொருத்துகிறார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்?

ஏனென்றால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடைந்த எலும்பு இல்லை, படுக்கைதான். படுத்தே இருந்தால் சளி கட்டி நிமோனியா வரும். முதுகில் படுக்கைப் புண் வரும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலில் போய் அடைக்கும். சிறுநீர்த் தொற்று வரும். இருக்கிற கொஞ்ச தசையும் கரையும். உலக அளவில் இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பிழைப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பழையபடி நடப்பதில்லை.

அதனால் ஆபரேஷனை 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது என்பதே மருத்துவர்களின் பொதுவான இலக்கு. பிரிட்டனில் 2007-ல் இதற்காகவே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். சீக்கிரம் ஆபரேஷன், எலும்பு டாக்டரோடு முதியோர் நல டாக்டரும் சேர்ந்து பார்ப்பது என்று முறைப்படுத்தினார்கள். 30 நாளில் இறப்பவர்கள் 2007-ல் 10.9 சதவீதம். 2011-ல் அது 8.5 சதவீதமாகக் குறைந்தது.

"இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், தாங்குவாங்களா?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ஆபரேஷனில் ரிஸ்க் உண்டுதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு, ஆபரேஷன் செய்யாமல் படுக்கையில் விடுவதுதான் அதைவிடப் பெரிய ரிஸ்க். வலி குறைந்து எழுந்து உட்காரவாவது ஆபரேஷன் உதவும்.

கொல்லிமலையில் இருந்து எங்கே போவது?

செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. வலிக்கு ஊசி போட்டு, முதலுதவி பார்த்து அனுப்ப அது முதல் இடம். பெரிய ஆபரேஷனுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. செம்மேட்டில் இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கும் இன்னொரு சாலையும் இருக்கிறது.

சாலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே மாவட்டத்தில் ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் போதமலையே சாட்சி. சாலை இல்லாததால் அங்கே பல தலைமுறைகளாக நோயாளிகளை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். கொல்லிமலைக்குச் சாலையும் ஆம்புலன்ஸும் இருக்கின்றன. இங்கே வீணாகும் நேரம் பெரும்பாலும் வளைவுகளில் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் வீட்டில் காத்திருப்பதில்தான்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வைப்பது நல்லது. விழுந்த அன்று சான்றிதழுக்கு அலைய முடியாது. சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் கேட்கலாம்.

ஆபரேஷன் முடிந்தால் கதை முடிந்ததா?

இல்லை, பாதிதான் முடிந்திருக்கிறது. மறுநாளே எழுப்பி உட்கார வைத்து, நிற்க வைத்து, வாக்கரில் நடக்க வைப்பார்கள். "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று மறுபடி படுக்க வைத்தால் போட்ட உழைப்பு வீண். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். மலையில் இருப்பவர்கள் கிராம செவிலியரிடம் சொல்லிப் பெயரைப் பதிவு செய்யலாம்.

அடுத்து, எலும்புப்புரைக்கு மருந்து. ஒருமுறை இடுப்பு உடைந்தவருக்கு மறுபடி உடையும் வாய்ப்பு அதிகம். வாரம் ஒரு மாத்திரை, அல்லது வருஷத்துக்கு ஒரு ஊசி என்று மருந்துகள் இருக்கின்றன. 2007-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இடுப்பு முறிவுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோலட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டவர்களிடம் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. டிஸ்சார்ஜ் ஆகும்போது "எலும்பு பலத்துக்கு மருந்து வேண்டுமா?" என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

• கழிப்பறையில் ஒரு கைப்பிடி, இரவு முழுக்க ஒரு சின்ன பல்பு. வெளியே கழிப்பறை என்றால் ராத்திரிக்குப் படுக்கை அருகிலேயே ஏற்பாடு.
• தூங்கி எழுந்ததும் உடனே நடக்காமல், ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்த பிறகு எழுவது.
• தேய்ந்த செருப்பை மாற்றுவது. கைத்தடி பிடிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.
• கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன்.
• தலைசுற்றல் இருந்தால் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டி அளவைச் சரிபார்ப்பது.
• தினமும் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. உடற்பயிற்சி செய்பவர்கள் கீழே விழுவது 23 சதவீதம் குறைவதாக 2019-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.
• வாரத்தில் சில நாளாவது கேழ்வரகுக் களியோ கூழோ. கூடவே முருங்கைக்கீரை, பால் அல்லது தயிர், முட்டை, பருப்பு.
• 65 வயதைக் கடந்த பெண்கள், ஏற்கெனவே லேசான அடியில் கை அல்லது முதுகெலும்பு உடைந்தவர்கள், எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்பது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், "கடந்த ஒரு வருஷத்துல எத்தனை தடவை கீழே விழுந்தீங்க?" என்று கேளுங்கள். திட்டுவார்களோ என்று பலரும் சொல்லாமலே மறைத்திருப்பார்கள். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். அந்த பதில் தெரிந்தால், அடுத்த முறை விழாமல் பார்த்துக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கிறது.